கேணியில் பாய்ந்து கழுத்து முறிந்த தம்பி: வெளிநாட்டுப் பிசியோவுக்குக் கொண்டுபோகலாமா?

சுன்னாகத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். 23 வயதுத் தம்பி நான்கு மாதங்களுக்கு முன் தண்ணீர் வற்றிய ஊர்க் கேணியில் தலைகீழாகப் பாய்ந்ததில் கழுத்து முறிந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை முடிந்து இப்போது வீட்டில் இருக்கிறான். துண்டில் ‘சி6’ என்று எழுதியிருக்கிறது. மணிக்கட்டை மேலே தூக்குகிறான், விரல்கள் அசைவதில்லை. இடது கால் பெருவிரல் மட்டும் சில நாட்களாக அசைகிறது. அம்மா தினமும் பின்னேரம் எண்ணெய் பூசி அவன் விரல்களை நீட்டி நீட்டி விடுகிறார். ரொறன்ரோவில் இருக்கும் மாமா, மூன்று மாதம் இந்தியாவில் வைத்துத் தீவிர பிசியோ செய்யக் காசு தருவதாகச் சொல்கிறார். போகலாமா, தம்பி நடப்பானா என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, போகலாம். காசும் துணைக்கு ஒரு ஆளும் இருந்தால் போங்கள். ஆனால் இங்கே இல்லாத ஏதோ ஒரு வைத்தியம் அங்கே இருக்கிறது என்று நினைத்துப் போனால் மூன்றாம் மாதம் மனம் உடைந்துதான் திரும்புவீர்கள். அறுந்த முள்ளந்தண்டு நரம்பை ஒட்டும் வைத்தியம் இந்தியாவிலும் இல்லை, கனடாவிலும் இல்லை. அங்கே காசு கொடுத்து வாங்குவது நேரத்தைத்தான். இங்கே ஒரு இயன்மருத்துவர், அதாவது பிசியோ, ஒரு காலைக்குள் வாட்டையும் பார்த்து கிளினிக்கையும் பார்க்க வேண்டும். நானும் 20 வருடத்துக்கு மேல் அப்படித்தான் ஓடினேன். தம்பிக்குக் கிடைப்பது அரை மணி, நல்ல நாளில் முக்கால் மணி. அமெரிக்காவில் புனர்வாழ்வு வாட்டில் சேர்க்கும் நோயாளிக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம், கிழமைக்கு 5 நாள் என்பது வழக்கமான அளவு. இந்தியாவின் நல்ல நிலையங்களும் கிட்டத்தட்ட அந்த ஒழுங்கில்தான் நடத்துகின்றன. மீதி நரம்பு வேலை பழகுவது திரும்பத் திரும்பச் செய்வதால். அரை மணிக்கும் மூன்று மணிக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

போவதற்கு முன் இங்கேயே அறிய வேண்டிய ஒன்று உண்டு. ‘சி6’ என்பது கழுத்தின் ஆறாம் மட்டம், காயம் எந்த மட்டத்தில் என்று மட்டும்தான் சொல்கிறது. எவ்வளவு ஆழம் என்று சொல்லாது. அதற்கு ஏசியா தரம் என்ற அளவுகோல் இருக்கிறது, ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை. ‘ஏ’ என்றால் கீழே ஒன்றும் போகவில்லை. ‘பி’ என்றால் உணர்வு மட்டும் போகிறது. ‘சி’யிலும் ‘டி’யிலும் அசைவும் போகிறது, ‘டி’யில் குறைந்தது பாதித் தசைகளுக்குப் புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்கும் பலம் இருக்கும். ‘ஈ’ வழமைக்கு வந்த நிலை. இதைக் கண்டுபிடிக்க வைத்தியர் மலவாசலைச் சுற்றியுள்ள உணர்வையும், சுருக்கும் பலத்தையும் பார்க்க வேண்டும். வெட்கத்தால் எங்கள் ஆட்கள் இந்தச் சோதனையைத் தட்டிக் கழிப்பதைப் பல தடவை கண்டிருக்கிறேன். முழு முறிவா, அரைகுறை முறிவா என்பதை அந்த இடம்தான் சொல்லும், எம்.ஆர்.ஐ. படம் அல்ல. தரத்தைத் துண்டில் எழுதி வாங்குங்கள்.

அந்தப் பெருவிரல் விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தானாகத் துள்ளுகிறதா, அவன் நினைத்து அசைக்கிறானா என்று முதலில் பாருங்கள். கண்ணை மூடச் சொல்லி, ‘மேலே, கீழே, நிறுத்து’ என்று ஒழுங்கு மாற்றிச் சொல்லுங்கள். நிறுத்து என்றதும் நிற்கிறது, கேட்ட பக்கம் போகிறது என்றால் அது அவன் அசைவு. போர்வை பட்டதும் கால் முழுக்கத் துள்ளுவது வேறு கதை. அது முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதி தன்பாட்டில் செய்வது, மூளைக்கு அதில் பங்கில்லை. அவன் அசைவுதான் என்றால் தரம் பெரும்பாலும் குறைந்தது ‘சி’. அப்போது மாமாவின் காசுக்கு அர்த்தம் இருக்கிறது. திரும்பி வரும் பலத்தில் பெரும்பங்கு முதல் 6 முதல் 9 மாதத்துக்குள் வரும், அதன் பிறகும் வரும், ஆனால் மெதுவாக. நான்காம் மாதத்தில் இருக்கிறீர்கள். விசாவுக்கும் கடிதங்களுக்கும் இரண்டு மாதத்தை இழுக்காமல் இருப்பது நல்லது.

இப்போது அம்மாவின் கை. இதைத்தான் கொஞ்சம் நீட்டி எழுதப் போகிறேன், ஏனென்றால் இதற்கு விமானம் ஏறத் தேவையில்லை, இன்றைக்குப் பின்னேரமே தொடங்கலாம்.

உங்கள் கையை மேசையில் தளர்வாக வைத்து மணிக்கட்டை மேலே தூக்கிப் பாருங்கள். விரல்கள் தானாக உள்ளே மடங்கும், பெருவிரல் சுட்டுவிரலோடு போய் ஒட்டும். மணிக்கட்டைக் கீழே விட்டால் விரல்கள் திறக்கும். விரல் தசைக்கு உயிர் இல்லாவிட்டாலும் இது நடக்கும், தசைநார்களின் நீளம் அப்படி. சி6 மட்டத்தில் மணிக்கட்டைத் தூக்கும் பலம் மிஞ்சுவதால், இந்த ஒரு அசைவை வைத்துத்தான் ஒருவன் கரண்டி பிடிக்கிறான், தேத்தண்ணிக் கோப்பை தூக்குகிறான், போன் எடுக்கிறான், பேனை பிடித்துக் கையெழுத்து வைக்கிறான். ஆனால் அதற்கு விரல் தசைநார்கள் கொஞ்சம் இறுக்கமாக இருக்க வேண்டும். மணிக்கட்டையும் நேராக்கி விரல்களையும் முழுதாக விரித்து நாளுக்கு நாள் நீட்டினால் அந்த இறுக்கம் போய்விடும். பிறகு மணிக்கட்டு எவ்வளவு உயர்ந்தாலும் விரல்கள் தொளதொளவென்று தொங்கும், பிடி வராது. பாசத்தால் பிடியை இழந்த கைகளை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். கை விரியட்டும் என்று பாவம், அம்மாமார் இரவு பகலாக நீட்டியிருப்பார்கள்.

முறை இதுதான். விரலை நீட்டும்போது மணிக்கட்டு கீழே மடங்கியிருக்க வேண்டும். மணிக்கட்டைத் தூக்கும்போது விரல்கள் உள்ளே மடங்கியிருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் நேராக்கக் கூடாது. கையை ஊன்றி எழும்பும்போதும் உள்ளங்கையை விரித்து ஊன்றாமல் விரல்களை மடக்கியபடி ஊன்ற வேண்டும். தம்பியின் காயம் அரைகுறை என்றால் விரல்களுக்கே பலம் திரும்பலாம், அப்போது அங்கே உள்ள இயன்மருத்துவர் இந்த விதியை மாற்றுவார். அதுவரை இதுதான். அம்மாவை நிறுத்தச் சொல்லாதீர்கள், மணிக்கட்டை மடக்கிப் பிடித்துக்கொண்டு பூசச் சொல்லுங்கள். எண்ணெய் எந்த எண்ணெயாகவும் இருக்கட்டும்.

ஒத்தடம் மட்டும் வேண்டாம். தவிட்டு ஒத்தடம், சுடுதண்ணீர்ப் போத்தல் எதுவும் வேண்டாம். உணர்வில்லாத தோல் வெந்தாலும் அவனுக்குத் தெரியாது.

எங்கே போவது என்ற கேள்விக்கு வருவோம். உறவுகள் லண்டனில் இருந்தால் ஸ்டோக் மாண்டவில் என்ற பெயர் காதில் விழுந்திருக்கும். 1944இல் லுட்விக் குட்மன் தொடங்கிய முள்ளந்தண்டுப் பிரிவு அது. அதுவரை இந்தக் காயம் பட்டவர்களைக் கட்டிலில் கிடத்தி வைத்ததை மாற்றி, எழுப்பி, அம்பு எய்ய விட்டு, விளையாட வைத்தவர். 1948இல் அங்கே நடத்திய போட்டிதான் பின்னாளில் பாராலிம்பிக்காக வளர்ந்தது. ஆனால் விசிட்டர் விசாவில் போகிறவருக்கு அது இலவசம் இல்லை, இடமும் இலகுவில் கிடைக்காது. எங்களுக்குக் கைக்கெட்டிய தூரத்தில் இருப்பது வேலூர்தான்.

வேலூர் சி.எம்.சி. வைத்தியசாலையின் புனர்வாழ்வு நிலையத்தை 1966இல் ஆரம்பித்தவர் வைத்தியர் மேரி வர்கீஸ். 1954இல் ஒரு வாகன விபத்தில் முள்ளந்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். கதிரையில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவைச் சிகிச்சை செய்தார். அவரும் வெளிநாட்டுக்குப் போனவர்தான். அவுஸ்திரேலியாவின் பேர்த்தில் தன் உடம்பைப் பழக்கிக்கொண்டார், பிறகு நியூயோர்க்கில் இந்தத் துறையைப் படித்தார், திரும்பி வந்து தான் கற்றதை வேலூரில் நிறுவினார். எழும்பி நடக்கவில்லை. தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது அது. விழுந்த வேளையில் அவர் பொறியியல் மாணவன், உங்கள் தம்பியின் வயதுக்காரன்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. தமிழில் எல்லாம் நடக்கும் என்பது பெரிய வசதி. ஆனால் ஒரு சொல்லில் கவனம். நாங்கள் ‘கால் விறைக்குது’ என்றால் உணர்வு குறைந்து மரத்துப் போகிறது என்று அர்த்தம். தமிழ்நாட்டில் விறைப்பு என்றால் கால் கட்டையாக நிற்கிறது என்று எடுப்பார்கள். முள்ளந்தண்டு நோயாளிக்கு இரண்டும் வேறு வேறு பிரச்சினை, இரண்டுக்கும் மருந்து வேறு. இந்தக் குழப்பத்தால் தேவையில்லாமல் தசை தளர்த்தும் மாத்திரை கூடிப்போன ஒருவரை எனக்குத் தெரியும். ‘மரத்துப் போகுது’, ‘இறுகுது’ என்று பிரித்துச் சொல்லப் பழக்குங்கள்.

இந்திய விசாவில் நோயாளிக்கு மருத்துவ விசாவும் கூடப் போகிறவருக்குத் துணையாளர் விசாவும் உண்டு. யார் கூடப் போவது என்பதைத்தான் நிறைய யோசிக்க வேண்டும். பெரும்பாலும் வீட்டில் வேலை இல்லாத ஒரு பெரியப்பாவை அனுப்புவார்கள். அது பிழை. திரும்பி வந்து தினமும் அவனைத் தூக்கி இருத்தப் போகிறவர் யாரோ அவர்தான் போக வேண்டும். அந்த மூன்று மாதமும் படிக்கிற மாணவர் தம்பி பாதி, கூடப் போகிறவர் பாதி. கட்டிலிலிருந்து சில்லுக்கதிரைக்குப் பலகை வைத்து நகர்த்துவது, கக்கத்தில் பிடித்து இழுக்காமல் தூக்குவது, இருமும்போது வயிற்றை அமத்திச் சளியை வெளியேற்றுவது, 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை குழாய் விட்டுச் சலம் எடுப்பது எல்லாவற்றையும் தன் கையால் செய்து பழகி, நிலையத்தில் ‘சரி’ சொன்ன பிறகுதான் விமானத்துக்கு ரிக்கெற் போட வேண்டும்.

சேரும்போது இலக்கை எழுதிக் கேளுங்கள். ‘நல்லா வரணும்’ என்பது இலக்கு அல்ல. ‘12ஆம் கிழமை தானே சாப்பிட வேண்டும், மேற்சட்டை தானே போட வேண்டும், கட்டிலில் தானே திரும்ப வேண்டும், சீமெந்து நிலத்தில் 100 மீற்றர் கதிரையைத் தானே தள்ள வேண்டும்’ என்பது இலக்கு. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை தசைப் பலத்தை 0 முதல் 5 வரை புள்ளியிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஆறு கிழமையில் ஒரு புள்ளியும் அசையவில்லை என்றால் காசைப் பிறகு வீட்டைத் திருத்த வைத்துக்கொள்ளலாம்.

ரோபோவில் கட்டி நடக்க வைக்கும் இயந்திரப் படத்தை மாமா அனுப்பியிருப்பார் என்று நினைக்கிறேன், எல்லா மாமாமாரும் அனுப்புவார்கள். பார்க்க அழகு. ஆனால் எடையைத் தாங்கி டிரெட்மில்லில் நடத்துவதை, நிலத்தில் வழமையாக நடத்தும் பயிற்சியோடு அமெரிக்காவிலும் கனடாவிலும் 146 பேரிடம் ஒப்பிட்டார்கள். 2006இல் முடிவு வந்தது. இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. இயந்திரம் கூடாது என்றில்லை, அதற்காகத் தனிக் காசு கொடுக்காதீர்கள். ஸ்டெம் செல் ஊசி போடுகிறோம் என்று யாராவது சொன்னால் அன்றைக்கே பையைக் கட்டுங்கள். முள்ளந்தண்டுக் காயத்துக்கு அது நிரூபிக்கப்பட்ட வைத்தியம் அல்ல.

மூன்று மாதத்தைக் கெடுக்கும் முதல் எதிரி படுக்கைப் புண். குண்டியில் ஒரு புண் வந்தால் இருக்கவே முடியாது, இருக்க முடியாவிட்டால் பயிற்சி இல்லை, ஒரு மாதம் போய்விடும். போகும் முன் போனால் படம் எடுத்து முதுகு, குண்டி, குதிக்கால் எல்லாம் பாருங்கள். படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்புங்கள். கதிரையில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை முன்னுக்கோ பக்கவாட்டிலோ சாய்த்து ஒன்றிரண்டு நிமிடம் வைத்திருங்கள். விமானத்திலும் அவனது மெத்தையை ஆசனத்தில் போட்டுத்தான் இருத்த வேண்டும். பலாலியிலிருந்து சென்னைக்குப் போவது சின்ன விமானம், ஏணிப்படி ஏற வேண்டும். தூக்கி ஏற்றும் ஏற்பாட்டை ரிக்கெற் போடும்போதே கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

அடுத்தது தலையிடி. மார்பு மட்டத்துக்கு மேலே காயம் உள்ளவருக்குச் சலப்பை நிறைந்தாலோ மலம் கட்டியாகினாலோ பிரஷர் திடீரென்று ஏறும். தலை வெடிக்கிற மாதிரி நோகும், முகம் சிவக்கும், கழுத்துக்கு மேலே வியர்க்கும். கழுத்துக் காயக்காரருக்கு வழமையான பிரஷர், மேல் எண், 90, 100 என்று குறைவாகத்தான் இருக்கும், ஆகவே 140 என்பது அவருக்கு ஆபத்தான எண். பார்க்கிற வைத்தியர் ‘வழமைதானே’ என்று விட்டுவிடலாம். அப்படி வந்தால் படுக்க விடாதீர்கள். உடனே நிமிர்த்தி இருத்திக் காலைத் தொங்க விட்டு, உடுப்பைத் தளர்த்தி, சலக்குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால் உடனே வைத்தியசாலை. இதை ஒரு கடதாசியில் எழுதி அவன் கதிரையில் செருகி வையுங்கள், எங்கள் ஊரில் நள்ளிரவில் போகும்போதும் அது பேசும்.

அப்புறம் வெயில். காயத்துக்குக் கீழே அவனுக்கு வியர்க்காது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்தால் காய்ச்சல் போல உடம்பு கொதிக்கும். ஈரத் துவாயும் காற்றாடியும் வேண்டும்.

அங்கே அவன் பழகும்போது இங்கே வீடு மாற வேண்டும். எங்கள் வீடுகளின் நில மட்டம் உயரம், படலையிலிருந்து விறாந்தை வரை மணல். மணலில் சில்லுக்கதிரையின் முன்சில்லு புதையும். படலை தொடங்கிப் படி வரை மூன்றரை அடி அகலச் சீமெந்துப் பாதை போடுங்கள். சரிவு 1:12, அதாவது வாசல் 2 அடி உயரம் என்றால் 24 அடி நீளம். மேசனார் ‘அவ்வளவு எதுக்கு தங்கச்சி, எட்டடி காணும்’ என்பார். விட்டுக்கொடுக்காதீர்கள். மலசலகூடம் வளவின் மூலையில் இருந்தால் அறையோடு ஒரு கொமோட் கட்டுவதுதான் காசு போகும் முதல் வேலை. தினமும் ஒரே நேரத்தில், சாப்பிட்டு அரை மணிக்குள் அவனை அதில் இருத்த வேண்டும். குடல் ஒழுங்குக்கு வந்தால்தான் வெளியே போகும் தைரியம் வரும். கூட்டம் கூட்டமாகப் பார்க்க வருகிறவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள், ஆனால் இளைஞன் வீட்டை விட்டு வெளியே போகாமல் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கால் அல்ல, இதுதான்.

நடப்பானா? தரம் ‘டி’க்கு ஏறினால் தடியோடோ தடியில்லாமலோ நடக்க நல்ல வாய்ப்பு. ‘சி’யில் நின்றால் வீட்டுக்குள் கொஞ்சத் தூரம், வெளியே கதிரை என்று முடியலாம். நாலாம் மாதத்தில் இதற்கு மேல் யாரும் உறுதி சொல்ல மாட்டார், சொல்பவரை நம்பாதீர்கள். அவனிடம் இதை மறைக்காதீர்கள். அவனுக்கு 23 வயது, போனில் எல்லாம் தேடி வாசித்திருப்பான்.

புறப்படுவதற்கு முன் ஒரு நாளை ஒதுக்கி அவனை ஏ9 வழியாக மாங்குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே ‘உயிரிழை’ என்று முள்ளந்தண்டு பாதித்தவர்களே நடத்தும் அமைப்பு இருக்கிறது. போரில் அடிபட்டு, கதிரையில் இருந்தபடி பல வருடம் வாழ்க்கை நடத்தியவர்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டு, கழுத்துக் காயத்தோடு இருக்கும் ஒருவரைச் சந்திக்கக் கேளுங்கள். நீங்களும் அம்மாவும் வெளியே நில்லுங்கள். சலத்தைப் பற்றி, கல்யாணத்தைப் பற்றி, ராத்திரி நித்திரை வராததைப் பற்றி அவன் உங்களிடம் கேட்க மாட்டான், அந்த அண்ணையிடம் கேட்பான்.